இலையும் மரமும் – குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பாடம்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்றதும் இன்று வெளியூராருக்கு நினைவில் வருபவை தொழிற்சாலைகளே. 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து கார் தொழிற்சாலைகளும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் இங்கு பெருகின. அதற்கு முன்பு இப்பகுதி ஏரிப்பாசனத்தை நம்பிய நெல் பூமி. ஏரிகளும் பனைகளும் இன்னும் இருக்கின்றன. ஆனால் வயலில் கால் வைக்காத பிள்ளைகள் உழவர் வீடுகளிலேயே வளர்கிறார்கள். பூவரசுக்கும் அரசுக்கும் வேறுபாடு அறியாத பிள்ளை, நாளை அம்மரத்தை வெட்ட வருவோரிடம் என்ன சொல்லித் தடுக்கும்?

இதைச் சரிசெய்யச் செலவு ஏதும் இல்லை. நீங்கள் சிறுவயதில் செய்து விளையாடிய பொருள்களே போதும். நான்கு செய்முறைகளைக் கூறுகிறேன்.

1. பூவரசு பீப்பி: அதிகம் முற்றாத இலையை ஓர் ஓரத்திலிருந்து குழலாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால் ஒலி எழும். முற்றிய இலை விரிசல் விடும். அரசிலையையும் அருகில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் இதய வடிவமே. ஆனால் அரசிலையின் நுனி வால்போல் நீண்டிருக்கும்.

2. பனையோலைக் காற்றாடி: விரல் அகலத்தில் இரண்டு ஓலைத் துண்டுகளைக் கிழித்து, ஒன்றையொன்று குறுக்காகக் கோத்து மடித்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகிச் சோளத்தட்டையில் குத்த வேண்டும். ஓலை ஏன் நேர்கோடாகக் கிழிகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதன் நரம்புகள் இணையாக ஓடுகின்றன. பூவரசு இலையில் நரம்புகள் வலைபோல் பின்னியிருப்பதால் அது கோணலாகக் கிழியும். பிறகு ஒரு நெல் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஓலைபோல் நேராகவே கிழியும். பனையும் நெல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதைக் கையே கற்றுக்கொள்ளும்.

3. அரசிலை வலை: முற்றிய அரசிலைகளை மூன்று, நான்கு வாரங்கள் நீரில் ஊறவிட்டு, சதைப்பகுதி அழுகியபின் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். ஊறும் பாத்திரத்தைக் கொசு புகாதபடி மூடி வைப்பது அவசியம்.

4. இலை அச்சு: இலையின் அடிப்பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பிப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நரம்புகள் பதியும். வேம்பையும் முருங்கையையும் பதிக்கும்போது, ஓர் இலை எது என்ற ஐயம் எழும். இலைக்காம்பு கிளையில் சேரும் இடுக்கில் மொட்டு இருக்கும். சிற்றிலைகளின் அடியில் இராது. ஆகவே காம்போடு சேர்ந்த முழு ஈர்க்கே ஓர் இலை.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு விளையும். அரளி நச்சுத்தன்மை உடையது. இவ்விரண்டையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனையில் அடிமட்ட ஓலையையே எடுக்க வேண்டும். நடுக்குருத்தே மரத்தின் ஒரே வளரும் நுனி. அதை வெட்டினால் மரம் பட்டுப்போகும்.

இப்பழக்கம் பயிருக்கும் பயன்படும். நெல்லுக்குத் தழைச்சத்து இடும் நேரத்தை இலை வண்ண அட்டையைக் கொண்டு அறிகிறோம். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலையை உற்றுப் பார்க்கப் பழகிய பிள்ளை உங்களுக்கு இதில் நல்ல துணை. அடி இலை முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறையும், இளம் இலை முதலில் வெளிறினால் இரும்புச்சத்துக் குறையும் இருக்கக்கூடும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பனை நம் மாநில மரம். 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் வெட்டாமல் இருப்பது மட்டும் போதாது. "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பது பழமொழி. ஆண்பனையா, பெண்பனையா என்று தெரியவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே விதைக்கும் கை பேரப்பிள்ளையின் கையாக இருக்கட்டும். பழம் உதிரும் காலத்தில் கொட்டைகளைச் சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலியோரத்தில் பத்தடிக்கு ஒன்றாகப் புதையுங்கள். ஏரிக்கரையானால் ஊராட்சியைக் கலந்துகொள்ளுங்கள். முளை முதலில் கீழ்நோக்கியே ஆழமாக இறங்கும். பிடுங்கி நட முடியாது. எனவே மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பூவரசு இலையைப் பறித்து உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.