பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான்

சங்கக் கூட்டத்தில் பேசியதை, அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுதித் தருகிறேன்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகள் பதினொன்றில் சி++ படிக்கிறார்கள், பன்னிரண்டில் பைத்தான். நம் வட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். "மாமா, போன வருஷம் நல்லா வந்துச்சு. இப்ப கூட்டல் கூட தப்பா வருது." அவன் அப்பாவுக்கு வேறு கவலை: ஒரு வருஷப் படிப்பு வீணா?

அவன் நிரலில் 12-ம் 5-ம் கொடுத்தால் 125 வந்தது. பழக்கதோஷம்தான். சி++-இல் முதலிலேயே 'இன்ட்' என்று அறிவிக்கிறோம். அடித்ததை அது எண்ணாகவே வாங்கிக்கொள்ளும். பைத்தானில் அந்த அறிவிப்பு தேவையில்லை. 'இன்புட்' எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' போட்டு மாற்றினால் 17. (ஒன்று சரம், ஒன்று எண் என்றால் பைத்தான் கூட்ட மறுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காமல் ஒட்டித் தந்துவிடும்!) வகுத்தலிலும் கவனம் வேண்டும்: 7-ஐ 2-ஆல் வகுத்தால், முழு எண்களுக்கு சி++ 3 என்கிறது, பைத்தான் 3.5 என்கிறது.

அடுத்தது, பிழை எப்போது தெரியும் என்பது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். கன்வேயரை முழுக்க நடந்து பார்த்த பிறகு ஓட்டுவது ஒரு முறை. ஓடவிட்டு, நின்ற இடத்தில் போய்ப் பார்ப்பது இன்னொன்று. சி++ கம்பைலர் முதல் வகை. நிரல் முழுவதையும் பார்த்துத்தான் எந்திர மொழிக்கு மாற்றும். அறிவிக்காத பெயர் ஒன்று இருந்தாலும் ஓட விடாது. பைத்தானும் இலக்கணப் பிழையை முன்பே சொல்லும். ஆனால் ஒரு பெயரை மாற்றி எழுதியிருந்தால், அந்த வரிக்கு வரும்போதுதான் நிற்கும். வீட்டில் பத்து முறை ஓடிய நிரல், செய்முறைத் தேர்வில் வேறு எண் கொடுத்ததும் நிற்பது இதனால்தான். 'இஃப்', 'எல்ஸ்' ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீணா என்று கேட்டாரே அப்பா, இல்லை. 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்யப்பட்டதுதான். சி++ கிளைத்ததும் அதே சி-யிலிருந்து. தமிழ்ச் சொற்களில் நிரல் எழுத உதவும் 'எழில்' மொழி பைத்தானில் எழுதப்பட்டது. எல்லாம் பங்காளிகள்தான்.

பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டை எடுத்து, அதே நிரல்களைப் பைத்தானில் எழுதுகிறான். நேற்று மூன்றாவது நிரலில் இருந்தான்.