பேறுகால முறையும் சேய்க்குப் பரவும் நோயும்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் நோய்க் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், "அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டால் தப்பிவிடுமல்லவா?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே. அதற்கு விடை கூறவே வந்துள்ளோம்.

முதலில் எச்.ஐ.வி. கிருமியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இது முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. தக்க தடுப்பு முறைகள் இல்லாவிடில், இக்கிருமியுள்ள தாய்மார் பெறும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகக்கூடும். கருப்பையிலும், தாய்ப்பால் வழியாகவும் இது பரவும். எனினும் பேறு வேளையே பெரும் ஆபத்தான வேளை. ஆகவே, வலி தொடங்குமுன் அறுவை செய்தால் என்ன என்று ஐரோப்பிய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 1999இல் வெளியான அவ்வாய்வில், அறுவைப் பேற்றுக்கென ஒதுக்கப்பட்டோரின் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 2, இயற்கைப் பேற்றுக்கென ஒதுக்கப்பட்டோரின் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 10 என்ற அளவில் தொற்று காணப்பட்டது.

ஆனால், கூட்டு மருந்துகள் பரவலாவதற்கு முந்திய நிலை அது. இன்று மருந்தை நாள் தவறாது உண்ணும் தாயின் இரத்தத்தில் கிருமி மிகவும் அருகிவிடுகிறது. அந்நிலையில் அறுவையினால் குழந்தைக்குக் கூடுதல் பயன் மிகச் சிறிதே. தாய்க்கோ காயமும் இரத்த இழப்பும் மிச்சம்.

ஹெபடைடிஸ் பி கிருமியின் நிலை வேறு. பிறக்கும்போதே இதற்கு ஆளாகும் குழந்தைகளில் 100க்கு 90 வரை நீடித்த நோயாளிகளாகின்றனர். பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றும் வரக்கூடும். இங்குக் காப்பது கத்தியன்று; பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடும் தடுப்பூசியே. தாய்க்குக் கிருமி உண்டெனத் தெரிந்தால், குழந்தைக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் உடன் போடுதல் நலம்.

ஹெர்பிஸ் என்னும் நோயிலோ, பேறு வேளையில் தாயின் பிறப்புறுப்பில் புண் இருந்தால் அறுவையே தக்கது. பூச்சியை அறிந்து மருந்தடிப்பவர் உழவர். அதுபோலக் கிருமியை அறிந்தே பேற்றின் முறையையும் மருத்துவர் முடிவு செய்கிறார். அறிவதற்கு வழி சோதனை ஒன்றே.

ஆதலின் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் முதல் மூன்று மாதங்களுக்குள் பதிவு செய்துகொண்டு, இரத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். பேறு மருத்துவமனையிலேயே நிகழ்ந்து, முதல் நாள் ஊசி தவறாதிருக்கப் பாருங்கள். சோதனையின் முடிவு திண்ணைப் பேச்சாகாமல் காத்திடுங்கள். எச்.ஐ.வி. உள்ளோரின் இரகசியத்தைக் காக்கவும், அவர்களை ஒதுக்குவதைத் தடுக்கவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனினும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிச் சோதனைக்கு வராத தாயைச் சட்டம் தேடிச் செல்லாது. அவள் அச்சத்தைப் போக்க வல்லவர்கள் நீங்களே.

கிருமியுள்ள தாயும் நோயற்ற மகவைப் பெறலாம். அவ்வாறு பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் உங்கள் ஊரின் செல்வம்.