சதுப்பு நிலத்தின் பெறுமதி

வெள்ளவத்தையின் வட எல்லையில் ஒரு கால்வாயும் தென் எல்லையில் தெகிவளைக் கால்வாயும் கடலிற் கலக்கின்றன. காலி வீதியிற் செல்வோர் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும், பெருமழை நாளில் நமது வீட்டு வாயிலுக்கு வெள்ளம் வருமா என்பது பெரிதும் இத்தகைய கால்வாய்களையும், நகரின் கிழக்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களையும் பொறுத்ததாகும்.

1992 யூன் மாதத்தில் ஒரே நாளில் கொழும்பில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010 நவம்பர் மழையிலோ பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. இவ்வளவு நீரையும் ஒரே வேளையிற் கடலுக்கு அனுப்பக் கால்வாய்களால் இயலாது. எஞ்சிய நீர் எங்கேனும் தங்கியே ஆகவேண்டும். கொலன்னாவை, கோட்டே ஆகிய இடங்களின் சதுப்பு நிலங்கள் அந்நீருக்கு இடங்கொடுக்கின்றன.

இந்த உதவியை எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மீற்றர் உயரத்திற்கு நீர் நின்றால், அது ஒரு கோடி லீற்றராகும். அந்நிலத்தை மண்ணிட்டு நிரப்பினால் அத்தனை நீரும் அயலவரின் முற்றத்தைத் தேடிச் செல்லும். நிரப்பியவருக்குக் கிடைக்கும் இலாபம் காணி உறுதியிலே தெரியும்; பள்ளத்திற் குடியிருக்கும் ஏழைக்கு நேரும் நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

விடுபட்ட இக்கணக்கை உலக வங்கியின் ஆதரவுடன் நடந்த ஆய்வொன்று எழுத முயன்றது. ஈரநிலங்கள் யாவும் அழிந்துவிட்டால், கொழும்புப் பெருநகரம் தன் வருடாந்த உற்பத்தியில் சராசரியாக நூற்றுக்கு ஒரு பங்கை வெள்ளச் சேதத்தால் இழக்கக்கூடும் என அது மதிப்பிட்டது. அயற்புறங்களின் வெப்பத்தைத் தணித்தல், மீனுக்கும் பறவைக்கும் உறைவிடமாதல் முதலியன இதற்கு மேலான நன்மைகள்.

சதுப்பு நிலம் இருந்தாற் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று கூறுவதும் பொருந்தாது. கால்வாய் குப்பையால் அடைபட்டால், சதுப்பில் தேங்கிய நீர் மெல்ல வடிவதற்கு வழியில்லை. அடுத்த மழைக்கு அங்கே இடமும் இராது. நிலத்தைக் காப்பதும் கால்வாயைத் துப்புரவாக வைத்திருப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

2018 ஆம் ஆண்டில் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென அங்கீகாரம் பெற்றது. அது பெருமைக்குரியதே. எனினும், ஒரு சதுப்பை நிரப்ப அனுமதி கோரப்படும்போது, அங்கே தங்கும் நீர் இனி யார் வீட்டிலே தங்கும் என்று முதலிற் கேட்பதே அப்பெருமைக்குத் தகுந்த செயலாகும்.