மின்கம்பியருகே உயர்மேடைப் பணி: மதிப்பீட்டில் விடுபடும் ஒரு வரி

(உள்ளாட்சித் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மின்கம்பிகளுக்கு அருகில் உயர்மேடைகளில் நின்று பணிபுரிவோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் பொறியாளன் அல்லன். பொருளாதாரம் பயின்று, கோப்புகளோடும் மதிப்பீடுகளோடும் 30 ஆண்டுகளைக் கழித்தவன். இப்பொருள் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். கம்பியில் படுவது தொழிலாளியின் கையாக இருக்கலாம். ஆனால் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்திய கைகளுள் கணக்கு எழுதும் கையும் ஒன்று. அதனைக் கூறவே வந்திருக்கிறேன்.

வளர்ச்சியும் அதன் நிழலும்

நாடு விடுதலை பெற்றபோது மின்வசதி பெற்றிருந்த கிராமங்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. 1969ஆம் ஆண்டில் ஊரக மின்மயக் கழகம் நிறுவப்பட்டது. 2018 ஏப்ரல் 28ஆம் நாள் மணிப்பூர் மாநிலத்தின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் சென்றதோடு, கணக்கில் உள்ள கிராமங்கள் அனைத்தும் மின்வசதி பெற்றுவிட்டதாக அரசு அறிவித்தது. இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

இச்சாதனையின் பெரும்பகுதி திறந்த அலுமினியக் கம்பிகளால் ஆயது. அவற்றுக்கு உறை கிடையாது. கம்பிகள் இழுக்கப்பட்ட காலத்தில் வெற்று வெளியாக இருந்த இடங்கள் பின்னர் தெருக்களாயின, தெருக்கள் கடைவீதிகளாயின. சாலையை மேலும் மேலும் தளமிட்டு உயர்த்திய இடங்களில், தரைக்கும் கம்பிக்கும் இடையே இருந்த உயரம் குறைந்தது. கம்பிகளுக்கு அருகே செய்யவேண்டிய பணிகளோ பெருகின. தெருவிளக்கைப் பழுதுபார்த்தல், மரக்கிளை வெட்டுதல், கட்டடத்துக்கு வண்ணம் பூசுதல், விளம்பரப் பலகை கட்டுதல், மேம்பாலம் அமைத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆட்கள் உயரத்தில் நிற்கவேண்டியுள்ளது. மூங்கில் ஏணி இருந்த இடத்துக்கு இன்று ஸ்கைலிஃப்ட் வண்டி வந்துவிட்டது. எண்ணெய் அழுத்தத்தால் நீளும் இரும்புக் கையும் அதன் நுனியில் ஒரு கூடையும் கொண்ட இவ்வண்டி, தொழிலாளி ஏணியிலிருந்து விழும் அபாயத்தைக் குறைத்தது. ஆனால் அவனைக் கம்பிக்கு மிக எளிதாக அருகே கொண்டு சென்றது.

தேசியக் குற்றப்பதிவுக் கூடத்தின் அறிக்கைகளின்படி, 2018 முதல் 2022 வரை மின்சாரம் தாக்கி இறந்தோர் ஆண்டுதோறும் 12,000 பேருக்கு மேல். வீட்டிலும் வயலிலும் நேர்ந்த சாவுகளும் இதில் அடங்கும். எனினும் இவ்வெண்ணிக்கை நம் சிந்தனைக்கு உரியது.

ஓர் எளிய கணக்கு

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும், தெருவின் குறுக்கே செல்லும் 11 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று வகுத்தன. தெருவின் நீளவாக்கில் செல்லும் கம்பிக்கு இது 5.8 மீட்டர். நடந்து செல்பவனுக்கும் வண்டியோட்டிக்கும் இது போதுமான உயரமே.

இப்போது ஒருவனை 4 மீட்டர் உயரத்து மேடையில் நிறுத்துங்கள். அவன் கையை உயர்த்தினால் விரல்நுனி அவன் காலடியிலிருந்து சுமார் 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 6.2 மீட்டர். விதிப்படி சரியாக அமைந்த கம்பியை அவன் எட்டித் தொட்டுவிடுகிறான். கையில் ஒரு குழாயோ அறுவாளோ இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. வெயிலிலும் மின்பளுவிலும் சூடேறிய கம்பி நீண்டு தாழ்வதையும், காற்றில் அது ஊசலாடுவதையும், கூடை தானே அசைவதையும் இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.

கட்டடத்துக்கும் 11 கிலோவோல்ட் கம்பிக்கும் இடையே கிடைமட்டமாக 1.2 மீட்டர் இருக்கவேண்டும் என்னும் விதியைச் சிலர் பணிக்குரிய பாதுகாப்புத் தூரமாகக் கொள்கின்றனர். அது பிழை. அவ்விதி அசையாத சுவருக்காக எழுதப்பட்டது. அசையும் மனிதனுக்காக அன்று. மின்பணியில் தகுதி பெறாதவர்கள் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்கு 10 அடிக்குள், அதாவது சுமார் 3 மீட்டருக்குள் செல்லலாகாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. நாமும் 3 மீட்டர் என்பதை மனத்தில் இருத்துவது நன்று.

நான் அடித்த வரி

1990களின் பிற்பகுதியில், வட இந்திய நகர் ஒன்றின் தெருவிளக்குத் திட்டத்துக்கான மதிப்பீட்டை ஆய்வு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் "மின்நிறுத்தக் கட்டணமும் மேற்பார்வையும்" என்று ஒரு வரி இருந்தது. தொகை சில ஆயிரம் ரூபாய். விளக்கம் ஏதும் இணைக்கப்படவில்லை. விளக்குப் பொருத்துவதற்கு ஊர் மின்சாரத்தை ஏன் நிறுத்தவேண்டும் என்று எண்ணினேன். "தேவை நிறுவப்படவில்லை" என்று ஓரத்தில் எழுதி அவ்வரியை அடித்தேன். சிக்கனம் செய்த மனநிறைவோடு கோப்பை அனுப்பினேன்.

சில மாதங்களுக்குப் பின் பணி முன்னேற்றத்தைக் காண அந்நகருக்குச் சென்றேன். முதல் நாள்தான் விபத்து நடந்திருந்தது. கூடை தாங்கிய இரும்புக் கை 11 கிலோவோல்ட் கம்பியில் பட்டுவிட்டது. கூடையில் நின்றவர் கைகளில் தீக்காயத்தோடு பிழைத்தார். இறந்தவன் தரையில் நின்ற உதவியாள். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞன். அலுவலகத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த அவன் தந்தை என்னிடம் இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "சாகிப், என் பையன் மேலே ஏறவே இல்லையே?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்ப் பொறியாளர்களிடம் கேட்டு அறிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். கம்பியில் பட்ட கணத்தில் வண்டி முழுவதும் மின்னூட்டம் பெறுகிறது. கூடையில் நிற்பவனும் அதே மின்னழுத்தத்தில் இருப்பதால், வேறெதையும் தொடாதவரை அவன் உயிர் தப்ப வாய்ப்புண்டு. தரையில் நின்று வண்டியைத் தொடுபவனின் உடலோ மின்சாரம் நிலத்துக்கு இறங்கும் வழியாகிவிடுகிறது. ரப்பர்ச் சக்கரம் இதனைத் தடுக்காது. வண்டியைச் சுற்றியுள்ள நிலத்திலும் அடிக்கு அடி மின்னழுத்தம் வேறுபடும்; ஆகவே தொடாமல் நடந்து செல்பவனுக்கும் ஆபத்து உண்டு.

அந்த வரியை நான் விட்டுவைத்திருந்தால் அவ்விளைஞன் பிழைத்திருப்பான் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மின்நிறுத்தம் கேட்டிருப்பார்களா, கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பதும் தெரியாது. ஆயின், கேட்பதற்கு இருந்த ஒரே காரணத்தை நீக்கியவன் நான். இதனை மறைத்துக்கொண்டு பாதுகாப்பைப் பற்றி உங்களிடம் பேசுவது முறையன்று.

மின்நிறுத்தத்தின் விலை

ஒரு மணி நேர மின்நிறுத்தத்தின் விலை என்ன? எடுத்துக்காட்டாக, 100 ஆம்பியர் மின்னோட்டம் கொண்ட 11 கிலோவோல்ட் ஃபீடர் ஒன்று ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,700 யூனிட் வழங்கும். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் விற்பனை இழப்பு ரூ.11,900.

மறுபக்கத்தைப் பாருங்கள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வகுத்த வாய்பாட்டின்படி, 30 வயதில் பணியின்போது இறந்த தொழிலாளியின் மாத ஊதியத்தில் பாதியை 207.98ஆல் பெருக்கவேண்டும். ஊதியம் ரூ.15,000 எனில் நஷ்டஈடு ரூ.15,59,850. அதாவது சுமார் 130 மணி நேர மின்நிறுத்தத்துக்கு ஈடான தொகை. உயிருக்கு விலை கூறுவது என் நோக்கமன்று. வெறும் கணக்கேட்டின் நோக்கில் பார்த்தாலும் மின்நிறுத்தத்தைத் தவிர்ப்பது சிக்கனமாகாது என்பதைக் காட்டவே இதனைக் கூறினேன்.

அவ்வாறாயின் மின்நிறுத்தம் ஏன் தவிர்க்கப்படுகிறது? செலவைத் தீர்மானிப்பவன் ஒருவன், ஆபத்தைச் சுமப்பவன் வேறொருவன் என்பதே காரணம். ஒப்பந்ததாரருக்குத் தாமதத்துக்கு அபராதம் உண்டு. மின் விநியோக நிறுவனத்துக்கோ, 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் மின்தடையின் எண்ணிக்கையையும் நேரத்தையும் அளவுகோலாக்கியுள்ளன. அது நுகர்வோருக்கு நன்மையே. எனினும் மின்தடை கூடாது என்று எல்லாரும் விரும்பும்போது, கூடையில் நிற்பவனுக்காகப் பேச அங்கே எவரும் இல்லை. பொருளாதார நூல்களில் புறவிளைவு என்று நீங்கள் படிப்பது இதுவே.

சட்டம் முன்னரே கண்ட வழி

1956ஆம் ஆண்டு விதிகளின் 82ஆம் விதி, கம்பிக்கு அருகே கட்டடமோ சாரமோ எழுப்ப விரும்புவோர், அது தற்காலிகமானதே ஆயினும், மின் வழங்குவோருக்கும் மின் ஆய்வாளருக்கும் வரைபடத்தோடு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்றது. கம்பியை மாற்றியமைக்கும் செலவை மின் வழங்குவோர் கணக்கிட்டுக் கூறுவார்; உரிய இடைவெளி கெடாது என்று ஆய்வாளர் சான்றளிக்கும்வரை வேலை தொடங்கலாகாது. 2010 ஒழுங்குமுறைகளும் இந்நெறியை ஏற்றன; 2023ஆம் ஆண்டில் அவ்வொழுங்குமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. சட்டம் இச்செலவை ஒப்புக்கொண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. நம் மதிப்பீடுகளே அதற்கு ஒரு தலைப்பை ஒதுக்காமல் இருக்கின்றன.

பொறுப்பும் கூடியுள்ளது. மத்தியப் பிரதேச மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான பொருளைக் கையாளும் அமைப்பு தன் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாகும் என்னும் கோட்பாட்டைப் பொருத்தியது.

களத்தில் கைக்கொள்ள வேண்டியவை

பணிக்கு முன்னாளே இடத்தைப் பார்வையிடுக. கம்பியின் உயரத்தையும், வண்டியின் கை முழுதும் நீண்டு சுழன்றால் எதுவரை எட்டும் என்பதையும் அளந்து எழுதுக. 3 மீட்டருக்குள் கூடையோ ஆளோ கருவியோ செல்லக்கூடுமெனில் மின்நிறுத்தம் கேட்க வேண்டும்.

லைன் கிளியர் எழுத்திலேயே பெறப்படல் வேண்டும்; தொலைபேசிச் சொல் போதாது. சுவிட்சைத் திறந்து பூட்டியபின், கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்து, பணியிடத்தின் இருபுறமும் எர்த் செய்க. ஜெனரேட்டர்களிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வரக்கூடும் என்பதால் எர்த் செய்வதை ஒருபோதும் விடலாகாது. எல்லாரும் கீழே இறங்கியதை எண்ணிப் பார்த்தபின், லைன் கிளியர் பெற்றவரே அதனைத் திருப்பித் தரவேண்டும்.

கூடைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிப்பதே வேலையாக, தரையில் ஒருவரை நிறுத்துக. அவருக்கு வேறு வேலை கொடாதீர்கள்; வண்டியைத் தொடவும் விடாதீர்கள். மின்காப்புள்ள கூடை என்றால் அச்சமில்லை என்பது தவறு. அது கைவழியே நிலத்துக்குப் பாயும் மின்சாரத்தைத்தான் தடுக்கும். ஒரே வேளையில் இரு கம்பிகளைத் தொடுபவனை அது காப்பாற்றாது.

கம்பியில் பட்டுவிட்டால், மேலே இருப்போரும் ஓட்டுநரும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். தரையில் நிற்போர் விலகி நின்று, துணைமின்நிலையத்துக்குத் தகவல் தரவேண்டும். பொறி அடங்கியதால் மின்சாரம் போய்விட்டது என்று கருதலாகாது. ஃபீடரை மீண்டும் இயக்கிப் பார்ப்பது துணைமின்நிலையங்களில் வழக்கம். வண்டி தீப்பற்றினால் மட்டுமே, வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்து நகர்ந்து விலக வேண்டும்.

நம் கடமை

அலுவலர்களாகிய உங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கம்பியருகே நடைபெறும் ஒவ்வொரு பணியின் மதிப்பீட்டிலும் மின்நிறுத்தம், மேற்பார்வை, எர்த் கருவிகள் ஆகியவற்றுக்குத் தனி வரி இடுக. அதனை ஒப்பந்தப்புள்ளியில் போட்டிக்கு உட்படாத நிலைத்தொகையாக வைத்திடுக. இல்லையேல் குறைந்த விலை கேட்பவர் முதலில் குறைப்பது அதனைத்தான். மின்நிறுத்தத்துக்காகக் காத்திருந்த நாட்களைத் தாமதமாகக் கணக்கிடாதீர்கள். நெரிசல் மிகுந்த தெருக்களில் திறந்த கம்பியை அகற்றி உறையிட்ட கம்பியோ நிலத்தடிக் கேபிளோ அமைப்பதே நிலையான தீர்வு. அது வரும்வரை இந்த மூன்றும் தேவை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாளை உங்களுள் சிலர் மதிப்பீடுகளை ஆய்வு செய்யும் இடத்தில் அமர்வீர்கள். விளக்கமில்லாத ஒரு வரியைக் காணும்போது, அதனை அடிக்குமுன் களத்தில் பணிபுரியும் ஒருவரை அழைத்து அது எதற்காக என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அந்தத் தந்தையின் வினாவுக்குரிய விடை அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது.