பூகோளம் படித்தவர்களின் உத்தியோகம்



பல்கலைக்கழகத்தில் புவியியலைப் பிரதான பாடமாக எடுத்துக்கொள்ளப் போவதாக ஒரு மாணவன் வீட்டிலே சொன்னால், மலைகளின் உயரத்தையும் நதிகளின் நீளத்தையும் நெட்டுருப் போட்டு என்ன உத்தியோகம் கிடைத்துவிடும் என்று பெரியவர்கள் கவலைப்படுவது இயல்பே. பள்ளிக்கூடத்தில் அவர்கள் கற்ற பூகோளம் பெரும்பாலும் அந்த மனப்பாடமாகவே இருந்தபடியால், அவர்களைக் குறைகூறுவதும் நியாயமாகாது.

ஆனால், ஓரிடத்தில் நெல்லும் அதற்கடுத்த இடத்தில் கம்பும் விளைவானேன், ஒரு நதியின் முகத்துவாரம் மணல் மூடிப் போவானேன், ஜனங்கள் ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயர்வானேன் என்று, மண்ணையும் மழையையும் மனிதனையும் ஒன்றாக வைத்து விசாரிக்கும் சாஸ்திரமே பல்கலைக்கழகத்துப் புவியியல்.

அவ்விசாரணையின் பிரயோஜனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ரங்கூன் சர்வகலாசாலையில் பூகோளம் போதித்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிய டட்லி ஸ்டாம்ப் என்னும் பேராசிரியர், 1930ஆம் ஆண்டில், பிரிட்டனின் நிலம் ஒவ்வொரு துண்டும் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் படத்திலே குறிக்கும் பெருங்காரியத்தைத் தொடங்கினார். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த படங்களை ஏந்திக்கொண்டு, இது உழுநிலம், இது மேய்ச்சல் நிலம், இது காடு என்று வயல் வயலாகச் சென்று குறித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களுமே என்பது கேட்போருக்கு வியப்பளிக்கலாம். பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று அன்று சிலர் எண்ணியிருக்கவும் கூடும். ஆயினும் 1939இல் யுத்தம் மூண்டு, கடல் வழியாக வரும் தானியத்துக்கு ஆபத்து நேர்ந்தபோது, எந்த மேய்ச்சல் நிலத்தை உழுது பயிரிடலாம் என்று தீர்மானிப்பதற்கு அந்தப் படங்களே துணைநின்றன.

நம் தேசத்தில், ‘புவியியலாளர்’ என்ற பெயர்ப்பலகை தொங்கும் அலுவலக அறை அபூர்வம்; அந்த வித்தை வேறு பெயர்களில் உத்தியோகம் பார்க்கிறது. 1767ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்திய நில அளவைத் துறையிலும், பேராசிரியர் எஸ்.பி. சட்டர்ஜியின் முயற்சியால் 1956இல் கல்கத்தாவில் தோன்றிய தேசிய வரைபட நிறுவனத்திலும், ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையத்திலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், நகரமைப்பிலும், வெள்ளத்தையும் புயலையும் எதிர்கொள்ளும் பேரிடர் மேலாண்மையிலும் அதற்கு இடமுண்டு. ஆசிரியப் பணியைச் சொல்லவே வேண்டியதில்லை. குடிமைப் பணித் தேர்விலும் இதனை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

இக்காலத்தில் ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) என்று வழங்கும் கணினி முறைக்கே வேலைவாய்ப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் மென்பொருளை மட்டும் ஆறு மாதத்தில் பயின்றுவிட்டால் போதும் என்கிற விளம்பரங்களை நம்பாதிருப்பது நலம் என்பதே என் அபிப்பிராயம். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் ஒருவகையில் பசும்பயிரெல்லாம் செந்நிறமாகவே தோன்றும்; அச்செந்நிறம் கரும்பா வாழையா என்று ஐயம் வந்தால், படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வரப்பிலே நடந்து, விவசாயியிடம் கேட்டறிந்து வருகிறவனே அத்தொழிலுக்கு வேண்டியவன். அவ்விதம் நடந்து பார்க்காமல், கணினித் திரையிலேயே வர்ணம் தீட்டி ஒப்பேற்றிய படங்களை நம்பி அணையும் சாலையும் போடுவது விபரீதம்.

ஆதலால் இப்பாடத்தில் சேர விரும்புகிறவர்கள், கல்லூரியின் கட்டடங்களைப் பார்ப்பதைவிட, அத்துறையினர் மாணவர்களைக் களஆய்வுக்கு எங்கெங்கே அழைத்துச் செல்கிறார்கள், நில அளவைக் கருவிகளை அவர்களுடைய கையிலே கொடுக்கிறார்களா, புள்ளியியலை முறையாகப் போதிக்கிறார்களா என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்துக்கொள்வது உத்தமம். கணக்குக்கு அஞ்சி இப்பக்கம் ஒதுங்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இங்கேயும் கணக்கு உண்டு.