பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

(மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டல் பயிற்சியில் ஆற்றிய உரை)



எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பதையெல்லாம் காலையில் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சேர்க்கை முடிந்துவிட்டது. நம் பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிறது. அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

இது சின்னக் கேள்விபோலத் தோன்றும். ஆனால், கல்லூரியில் சேர்ந்த நம் மாணவர்கள் முதல் பருவத்தேர்வில் தடுமாறும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களுக்குப் பள்ளிதான் படிக்கும் அறை. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, நடுவில் சிறுதேர்வு. எதைப் படிக்க வேண்டும், எத்தனை முறை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்கிறோம். வீட்டில் இடம் இல்லாத குறை வெளியே தெரியாமல் போய்விடுகிறது. கல்லூரியில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். குறிப்பெடுப்பது மாணவர் பொறுப்பு. ஒப்படைப்பு, கருத்தரங்கு, அகமதிப்பீட்டுத் தேர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். நவம்பரில் பருவத்தேர்வு. ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவே உள்ள அந்த நான்கு மாதங்களில் பிள்ளை படித்தாக வேண்டிய இடம் வீடுதான்.

நம் மாணவர்களின் வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு தொலைக்காட்சி, நடுவில் ஒரு டியூப்லைட். அதில் ஐந்து பேர்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் நன்றாகப் படித்து, பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவள். முதல் பருவத்தேர்வு முடிவு வந்த பிறகு அம்மாவுடன் பள்ளிக்கு வந்தாள். மூன்று அரியர். “இவளுக்கு மேல்படிப்பு ஏறல டீச்சர். மில்லுக்கு ஆள் எடுக்குறாங்க, அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் அம்மா. பிள்ளை தலைகுனிந்து நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் படிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். தாத்தாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே தரையில் உட்கார்வாளாம். நேர் எதிரே தொலைக்காட்சி. டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், குனிந்தால் அவள் நிழலே நோட்டில் விழுந்தது. புத்தகங்கள் அரிசி டிரம்மின் மேல். யாராவது அரிசி எடுக்க வந்தால் எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வந்ததும் தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் துலக்குவது, மாவு ஆட்டுவது. ஒன்பதரைக்குப் புத்தகத்தைத் திறந்தால் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். கணக்கு ஏறாததற்குக் காரணம் அவள் மூளை அல்ல என்பதை அம்மாவே பார்த்துப் புரிந்துகொண்டார்.

அன்று செய்தது பெரிய வேலை எதுவும் இல்லை. கட்டிலை இரண்டடி நகர்த்தினோம். தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்காரும்படி இடம் ஒதுக்கினோம். பழைய சேலை ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு மறைப்பாக்கினோம். அப்பா மறுவாரம் ஒரு பலகையைச் சாய்வாக அடித்து, தரையில் உட்கார்ந்து எழுதும் கணக்குப்பிள்ளை மேசைபோலச் செய்துகொடுத்தார். ஏழிலிருந்து ஒன்பது வரை அவளை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டார். பாத்திரம் துலக்கும் வேலை தம்பிக்குப் போனது. அவனுக்கு அதில் வருத்தம்தான்.

இதனால் எல்லாம் ஒரே மாதத்தில் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த தேர்வில் இரண்டு அரியரை முடித்தாள். மூன்றாவதை முடிக்க இரண்டாம் ஆண்டு ஆனது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. மில்லைப் பற்றிய பேச்சும் அதன்பின் எழவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு சின்னச் செயல்பாடு செய்கிறேன். மாணவர்களைத் தங்கள் வீட்டின் வரைபடத்தை வரையச் சொல்கிறேன். வாசல் எங்கே, சன்னல் எங்கே, விளக்கு எங்கே, பிளக் பாயின்ட் எங்கே, தொலைக்காட்சி எங்கே. வீடு எப்போது அமைதியாக இருக்கும் என்று நேரத்தையும் குறிக்கச் சொல்கிறேன். பிறகு, “இதில் உனக்கென்று நான்கடிக்கு மூன்றடி இடம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்கிறேன். இந்த வரைபடத்தை வகுப்பில் யாரும் காட்ட வேண்டியதில்லை, வாசிக்க வேண்டியதில்லை. அது எனக்கும் அந்த மாணவருக்கும் மட்டும். வீட்டின் அளவு ஒரு பிள்ளையின் கௌரவம் சம்பந்தப்பட்டது. அதை நாம் காக்க வேண்டும்.

இதற்குப் பொருத்தமான மாதம் மார்கழி. பொங்கலுக்கு எப்படியும் வீட்டை ஒழிப்பார்கள், வெள்ளையடிப்பார்கள், பழையதைக் கழிப்பார்கள். அந்த வேலையோடு வேலையாகப் படிக்கும் மூலையையும் அமைத்துவிட்டால், மார்ச் பொதுத்தேர்வுக்கும் உதவும், ஜூலையில் கல்லூரிக்கும் தயாராக இருக்கும்.

அந்த மூலையை எப்படி அமைப்பது? மாணவர்களிடம் நான் சொல்பவற்றை உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். இடக்கையால் எழுதுபவருக்கு வலப்பக்கத்திலிருந்து. அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. பகலில் சன்னலும் அதே பக்கத்தில் இருந்தால் நல்லது. நடு அறை விளக்கு போதவில்லை என்றால், அந்த மூலைக்கு ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும். வயரை ஒட்டுப்போட்டு இழுக்காமல், தெரிந்த எலெக்ட்ரீசியனைக் கொண்டு ஹோல்டர் மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து சுவர். அடர் நீலமும் பச்சையும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளை அல்லது வெளிர் சந்தன நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க வசதியில்லாவிட்டாலும் அந்த நான்கடிச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கலாம்.

மூன்றாவது இருக்கை. நாற்காலி என்றால் பாதம் தரையில் படிய வேண்டும், முழங்கை மேசை உயரத்துக்கு இருக்க வேண்டும். தரை என்றால் பாய் விரித்து, முதுகுக்குச் சுவரும் முன்னால் சாய்வுப் பலகையும் வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு படிப்பது வேண்டாம். பத்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும்.

நான்காவது அடுக்கு. தக்காளிப் பெட்டி இரண்டைக் கழுவிக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தால் புத்தக அடுக்கு ஆயிற்று. சிராம்பு குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய காலண்டர் தாள் ஒட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தால், பேனா தேடி எழுந்து போய்த் தொலைக்காட்சி முன் நிற்கும் கதை நடக்காது.

ஐந்தாவது அலங்காரம். இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் படிப்பு மேசை அலங்கார வீடியோக்களைப் பார்க்கிறார்கள். சீரியல் விளக்கு, பிளாஸ்டிக் கொடி, வண்ண வண்ணக் குறிப்புத்தாள் என்று பார்த்துவிட்டு, அதெல்லாம் இல்லாததால் தன்னால் படிக்க முடியவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கண் முன்னே உள்ள சுவரில் மூன்று மட்டும் போதும் என்கிறேன்: கால அட்டவணை, இந்த வாரம் முடிக்க வேண்டியவை, படிப்பது எதுவோ அதன் ஒரு வரைபடம் அல்லது சூத்திரத் தாள். நான்காவதாகத் தனக்குப் பிடித்த ஒன்று. அது குடும்பப் படமாக இருக்கலாம், தான் வரைந்த ஓவியமாக இருக்கலாம், தேங்காய்ச் சிரட்டையில் வைத்த செடியாகவும் இருக்கலாம். அதை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இது என் இடம்’ என்ற உணர்வை அது தரும். கைப்பேசிக்கு மட்டும் அந்த மூலையில் இடம் இல்லை. அதை அறையின் மறுகோடியில் சார்ஜ் போடட்டும்.

விடுதியில் தங்கும் பிள்ளைக்கு இவ்வளவு இடம்கூடக் கிடைக்காது. ஒரு கட்டில், ஒரு பெட்டி, அவ்வளவுதான். பெட்டியின் மேல் ஒரு பலகை, கழுத்து வளையும் சிறிய விளக்கு, சுவரில் ஆணி அடிக்காமல் ஒட்டும் ஓர் அட்டவணை. மீதிக்கு நூலகம்தான் துணை. நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஏற்படுத்த வேண்டும். ஊரில் உள்ள கிளை நூலகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும் உறுப்பினராக்கிவிடுங்கள். சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. அந்த ஊர்களுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது. அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? இங்கேதான் நம் பாடம் தேவைப்படுகிறது.

கல்லூரிக் குறிப்பெடுக்க ஓர் எளிய முறை இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் பாக், கல்லூரியில் படிப்பது எப்படி என்று 1962-இல் எழுதிய நூல் வழியாக இதைப் பரப்பினார். தாளின் இடப்பக்கத்தில் குறுகலாக ஒரு பத்தி, வலப்பக்கத்தில் அகலமான பத்தி, கீழே நான்கு விரல் இடம். வகுப்பில் வலப்பக்கம் குறிப்பு. மாலையில் இடப்பக்கத்தில் அதற்குரிய கேள்விகள். கீழே இரண்டு வரிச் சுருக்கம். நம் பிள்ளைகளுக்கு நான் ஒன்று சேர்த்துச் சொல்வேன்: அன்று கேட்ட புதிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு இடப்பக்கத்திலேயே தமிழில் பொருள் எழுதிவிடு. தமிழ்வழியில் படித்தது அப்போது பாரமாக இருக்காது, பிடிமானமாக இருக்கும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். கார்னெல் தாளின் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, இடப்பக்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் இதேதான். அன்றிரவு ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஞாயிறு ஒரு முறை. இது போதும்.

இந்த இடத்தில் ஆசிரியைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாணவிகளின் அம்மாக்களிடம் நாம்தான் பேச முடியும். மகனுக்கு இரவு இரண்டு மணி நேரம் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. மகளுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முதல் மாதப் பணத்தில் ஒரு பல்பும் ஒரு பலகையும் வாங்குங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள். அம்மாக்கள் மறுப்பதில்லை. “இதை யாரும் இதுவரை சொல்லலையே” என்றுதான் கேட்கிறார்கள்.

நிறைவாக, நம்மால் செய்யக்கூடியவை நான்கு. ஜனவரியில் வீட்டு வரைபடம். ஏப்ரலில், தேர்வு முடிந்த கையோடு, குறிப்பெடுக்கும் முறைக்கு ஒரு நாள் பயிற்சி. ஆகஸ்டில், சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு: “எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்?” அக்டோபரில் இன்னோர் அழைப்பு. அந்தக் குரலிலேயே பிள்ளை தடுமாறுகிறதா என்று தெரிந்துவிடும். தலைமையாசிரியர் அனுமதித்தால், நவம்பரில் விடுமுறை நாட்களில் ஒரு வகுப்பறையை முன்னாள் மாணவர்களுக்குத் திறந்து வையுங்கள். வீட்டில் இடமே இல்லாத பிள்ளைக்கு நம் பெஞ்சு இன்னும் இருக்கிறது என்று தெரியட்டும்.

உங்கள் கையில் உள்ள சேர்க்கைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கல்லூரியின் பெயர் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். அதில் ‘படிக்கும் இடம்’ என்று எழுதி, வரும் ஜனவரிக்குள் நிரப்பிவிடுங்கள்.