கொத்தனார் நாதோ

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை நிறுத்தத்துக்குப் பிரெஞ்சு மொழியில் ‘கிரேவ்’ என்று பெயர். அந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா? பாரீஸ் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது. அந்தத் திடலின் பெயரே கிரேவ். வேலையற்ற கொத்தனார்களும் சித்தாட்களும் விடியற்காலையில் அங்கே வந்து நிற்பார்கள். மேஸ்திரி வருவான், தோளைப் பார்ப்பான், கூலி பேசுவான், பிடித்தவனை அழைத்துப் போவான். மற்றவன் பட்டினி. அந்தத் திடலை நன்றாக அறிந்த ஒரு கொத்தனாரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவர் பெயர் மார்த்தேன் நாதோ.

1815ல் க்ரூஸ் என்ற ஏழைச் சீமையில் பிறந்தவர். அங்கே நிலம் சோறு போடாது. ஆகவே ஆண்கள் வசந்த காலத்தில் பாரீசுக்குப் போய்க் கட்டட வேலை செய்துவிட்டு, பனிக்காலத்தில் ஊர் திரும்புவார்கள். பையனைப் படிக்க வைத்தே தீருவேன் என்று தகப்பனார் பிடிவாதம் பிடித்தார். தாத்தாவும் தாயாரும், படிப்பு எதற்கு, வேலைக்கு ஆள் வேண்டாமா என்றார்கள். இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. தகப்பனார்தான் ஜெயித்தார்.

1830 மார்ச்சில், பதினான்கு வயதில், தகப்பனாரோடு புறப்பட்டார். ஓர்லேயான் நகரம் வரை நாட்கணக்கில் கால்நடை, அதன் பிறகு வண்டி. பாரீசில் சாந்து சுமக்கும் சித்தாள் வேலை. ஒரே அறையில் வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு இரண்டு பேர். ஒரு நாள் வேலை செய்த இடத்திலிருந்து கீழே விழுந்து இரண்டு கைகளும் ஒடிந்தன. கை ஒடிந்த கொத்தனாருக்கு அந்தக் காலத்தில் சட்டம் என்ன தந்தது? ஒன்றுமில்லை. தப்பு முதலாளியுடையது என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவன் சாட்சிக்கு எங்கே போவான்? கூட வேலை செய்தவன் சாட்சி சொன்னால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்குமா? இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

கை கூடியதும் மறுபடி கரணை பிடித்தார். இரவில் தாமே படித்தார். பிறகு தம் அறையிலேயே சக தொழிலாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பகலெல்லாம் கல் தூக்கியவர்களுக்கு இரவில் எழுத்துக் கற்றுக் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று இரவுப் பள்ளி நடத்திப் பார்த்த நமக்குத் தெரியும். கம்யூனிசம் பேசிய கபேயின் கருத்துகள் அங்கேதான் அவரை ஈர்த்தன.

1848 புரட்சி ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. மறு ஆண்டு க்ரூஸ் மக்கள் இந்தக் கொத்தனாரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். கட்டட வேலை நடந்தால் மற்ற தொழில்களும் நடக்கும் என்று அவர் சபையில் பேசியது பழமொழியாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் காண்டிராக்டர்களும் அதையே சொல்லிக் கொண்டார்கள். சாரத்தில் நிற்பவனைப் பற்றி மட்டும் சொல்ல மறந்தார்கள்!

1851 டிசம்பர் 2ல் லூயி நெப்போலியன் சபையைக் கலைத்தான். நாதோவைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இங்கிலாந்தில் மீண்டும் கொத்து வேலை, பிறகு பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார். 1870ல் குடியரசு வந்த பிறகே தாய்நாட்டில் நிலைத்தார். காம்பெத்தா அவரைச் சொந்த மாவட்டத்துக்கே அதிகாரியாக்கினார்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. 1871ல் பாரீஸ் தொழிலாளிகள் கம்யூன் அமைத்து 72 நாள் ஆண்டபோது, நாதோ அதில் இல்லை. அவர் மிதவாதக் குடியரசுக்காரர்களோடு நின்றார். அது அவருடைய குறை என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அதற்காக அவருடைய உழைப்பைத் தள்ளிவிட முடியாது.

1876ல் மீண்டும் சட்டசபைக்குப் போனார். 1880ல், விபத்து நடந்தால் பொறுப்பு முதலாளியுடையது, தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை என்று ஒரு மசோதா கொண்டு வந்தார். சில வரிகள்தான். அது சட்டமாக எத்தனை நாள் ஆயிற்று? பதினெட்டு ஆண்டு! சட்டசபைக்கும் மேல்சபைக்கும் நடுவே பந்து போல உருண்டது. இதற்கிடையே 1889 தேர்தலில் அவர் பதவி இழந்தார். 1898 ஏப்ரல் 9ல்தான் சட்டம் நிறைவேறியது. அப்போதும் முழு ஈடு கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பாதிக் கூலி. ஆயுள் முழுக்க முடமானால் மூன்றில் இரண்டு பங்கு. முதலாளிகள் பேரம் பேசித்தான் விட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 28ல், பிறந்த ஊரிலேயே நாதோ காலமானார். எண்பத்து மூன்று வயது.

விவசாயத் தொழிலாளிகள் இந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறீர்கள். அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் வந்ததே தவிர, வயலில் கலப்பையோடும் மாட்டோடும் பாடுபட்டவனுக்கு வரவில்லை. இயந்திரம் ஓட்டும் வேலைக்கு மட்டும் சிறிது இடம் கொடுத்தார்கள். பிரான்சின் விவசாயக் கூலிக்கு அந்தப் பாதுகாப்பு 1922 டிசம்பரில்தான் கிடைத்தது.